தேறல் வந்த துறை – 7: அலமாரிக்குள் ஒரு சாடிக் கழுத்து

சென்ற வாரம் 1937இல் நிறுத்தியிருந்தோம்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பை ஒட்டி ஒரு மேடு. அரிக்கமேடு என்று பெயர். மழை பெய்து கரை சரியும்போதெல்லாம் அங்கே வண்ண வண்ண மணிகள் தலைகாட்டும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வந்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தார் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய். அப்படி வந்தவற்றில் ஒரு கல்லில் ஓர் ஆணின் தலை செதுக்கியிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் அது என்றார் அவர். உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் உண்டு. மோதிரக் கல் மடியில் முடிந்துகொள்ளக்கூடிய பொருள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, நூறு வருடம் கழித்து, ரோமையே பார்த்திராத ஒருவரின் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கலாம். காசும் அப்படித்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ரோமக் காசுகள் குடம் குடமாகக் கிடைத்தன. அவை எந்த ஆண்டில் அச்சடிக்கப்பட்டன என்று சொல்லலாம். எந்த ஆண்டில் புதைக்கப்பட்டன என்று சொல்ல முடியாது.

சாடி வேறு. மது நிரம்பிய மண்சாடியை ஒரு ஆள் தூக்கவே திணற வேண்டும். குடித்து முடித்தபின் அதைப் பரம்பரைச் சொத்தாக யாரும் காப்பாற்றி வைப்பதில்லை. உடையும், குப்பைமேட்டில் விழும், விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

இந்த வாரக் கதை அப்படி உடைந்த ஒரு சாடியைப் பற்றியது.

*

1941. ஐரோப்பாவில் போர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்திருந்தது. புதுச்சேரியோ தெ கோல் பக்கம் நின்று, பிரிட்டிஷ் இந்தியாவோடு நட்பாக இருந்தது. இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ஃபோஷே என்ற பாதிரியாரும் சுர்லோ என்ற பிரெஞ்சுக்காரரும் அரிக்கமேட்டில் குழி தோண்டத் தொடங்கினார்கள்.

இருவரும் தொல்லியல் பயின்றவர்கள் அல்லர். ஆனாலும் கிடைத்ததை அவர்கள் தூக்கி எறியவில்லை. கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. கொஞ்சம் ஹனோயில் இருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. மிச்சம் புதுச்சேரிப் பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்தது.

அதே 1941 மார்ச்சில் 'தி ஹிந்து' நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அ. அய்யப்பன். அரிக்கமேட்டைத் 'தட்சிண தக்ஷசீலம்' என்று தலைப்பிலேயே அழைத்தார். பழைய தொழிற்கூடம் இருந்த இடம், ரோமோடு தொடர்பு கொண்டிருந்த இடம் என்று தெளிவாக எழுதினார்.

இதைச் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அரிக்கமேட்டை 'கண்டுபிடித்தவர்' என்று பாடப்புத்தகங்கள் ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சொல்கின்றன. அவர் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையில் அச்சாகும் செய்தித்தாளில், நம்மவர் ஒருவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அய்யப்பனின் பெயர் அந்தப் பாடத்தில் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆனால் ஒன்று நடக்கவில்லை. கிடைத்த ஓடு எது, எந்த ஊரில் சுட்டது, எந்தக் காலத்தது என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒருவர் அதுவரை அந்த ஓடுகளைப் பார்க்கவில்லை.

*

அந்த ஒருவர் அப்போது போர்முனையில் இருந்தார்.

மார்ட்டிமர் வீலர். 1890இல் பிறந்தவர். எல் அலமைன் போரில் இருந்தவர். இத்தாலியின் சலேர்னோ கரையில் படையோடு இறங்கியவர். போருக்கு முன்பு அவருடைய வேலை மண் தோண்டுவது. இங்கிலாந்தில் வெருலேமியம், மெய்டன் காசில் முதலிய இடங்களில் வருடக்கணக்காக அகழ்ந்தவர். ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலத்து ஓடுகளைக் கூடை கூடையாகக் கழுவி, அடுக்கி, வரைந்து பழகிய கை அது.

இந்தியத் தொல்லியல் துறை அந்த ஆண்டுகளில் தளர்ந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு தலைமை இயக்குநர் தேவை என்று வைஸ்ராய் வேவல் அரசு வீலரை அழைத்தது. 1944 ஏப்ரலில் பதவி ஏற்றார். ஏற்றவுடன் நாடு முழுவதும் சுற்றத் தொடங்கினார்.

வடக்கில் அவருக்குப் பிடிமானம் இருந்தது. சிந்துவெளி இருந்தது, தக்ஷசீலம் இருந்தது, அலெக்சாந்தரின் படையெடுப்பு என்ற உறுதியான தேதி இருந்தது. தெற்கே வந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கல்வட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. முதுமக்கள் தாழிகள் இருந்தன. கறுப்பு சிவப்புப் பானைகள் ஊர்தோறும் கிடைத்தன. அவை கி.மு. ஆயிரமா, கி.பி. ஐந்நூறா? யாராலும் சொல்ல முடியவில்லை. கரிமக் காலக்கணிப்பு அப்போது இன்னும் பிறக்கவே இல்லை.

தேதி தெரிந்த ஒரே ஒரு பொருள், தேதி தெரியாத நம் பானைகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடைக்க வேண்டும். அவர் தேடியது அதைத்தான்.

*

1944 ஜூலை. சென்னை, எழும்பூர் அருங்காட்சியகம்.

வீலர் காட்சிக்கூடங்களில் அதிகம் நிற்கவில்லை. அருங்காட்சியகங்களில் முக்கியமானவை காட்சிக்கு வராமல் அலமாரிகளில் கிடக்கும் என்பது தொல்லியலாளர் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஓர் அலமாரியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார்.

கையில் அகப்பட்டது ஒரு மண்சாடியின் கழுத்து. அதோடு ஒட்டிய நீண்ட கைப்பிடி.

நம் பானைகளுக்குக் கைப்பிடி கிடையாது. இடுப்பில் வைக்கிறோம், தலையில் வைக்கிறோம், உறியில் கட்டுகிறோம். விளிம்பைப் பிடித்துத் தூக்குகிறோம். கழுத்திலிருந்து தோள்வரை நீண்டு இறங்கும் கைப்பிடி தமிழ்க் குயவர் வழக்கம் அன்று. அது மத்தியதரைக் கடல் வழக்கம். ஆம்போரா என்று அவர்கள் அழைக்கும் சாடி. இரு பக்கமும் இரண்டு கைப்பிடி, குறுகிய கழுத்து, கீழே கூம்பிய அடி. தரையில் நிற்காது. மணலில் குத்தி வைக்கலாம், கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று செருகி அடுக்கலாம். கூம்பிய அடி மூன்றாவது கைப்பிடியாகவும் உதவும். அதைப் பிடித்துச் சாய்த்துத்தான் ஊற்றுவார்கள். ஒரு சாடியில் சுமார் 25 லிட்டர் கொள்ளும்.

இங்கிலாந்தில் இதே சாடியின் உடைசல்களை வீலர் எத்தனையோ முறை எடுத்திருக்கிறார். ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் பழகிய அதே கழுத்து, சோழமண்டலக் கரையில், சென்னை நகரத்து அலமாரியில்.

எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். புதுச்சேரிக்கு அருகே, அரிக்கமேடு.

அடுத்து அவர் போன இடம் புதுச்சேரி.

*

புதுச்சேரிப் பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் சுர்லோ சேர்த்தவை இருந்தன. தூசு படிந்த கண்ணாடி வழியே வீலர் பார்த்தார். சாடி உடைசல்கள் இன்னும் சில. அவற்றுக்கிடையே பளபளப்பான சிவப்பு மெருகு ஏறிய மெல்லிய தட்டு உடைசல்கள்.

சாடியைவிட அந்தத் தட்டுதான் அவருக்குப் பெரிது.

அதை அரிட்டைன் என்பார்கள். இத்தாலியில் அரெட்சோ என்ற ஊரில் செய்த உணவுத் தட்டு. அகஸ்டஸ் ஆட்சிக்கு வந்த காலத்தையொட்டிச் செய்யத் தொடங்கினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தொழில் நொடித்துப்போனது. பட்டறை முதலாளி தன் பெயரைத் தட்டின் நடுவே முத்திரையாகக் குத்துவது வழக்கம். எந்தப் பட்டறை எந்த ஆண்டுகளில் இயங்கியது என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்கெனவே அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள்.

அதாவது, சில பத்தாண்டுகளுக்குள் தேதி குறிக்கக்கூடிய ஒரு பொருள் புதுச்சேரி நூலகத்தில் தூசு படிந்து கிடந்தது. தென்னிந்திய வரலாற்றில் அதுவரை யாருக்கும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

பிரெஞ்சு அரசிடம் அனுமதி பெற்றார் வீலர். அடுத்த ஆண்டு தோண்டுவது என்று முடிவாயிற்று.

*

1945ஆம் ஆண்டுக் கோடை. ஐரோப்பாவில் போர் முடிந்த அதே கோடை.

அமலானந்த கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோர் துணையிருக்க, பயிற்சி மாணவர்களோடு அரிக்கமேட்டில் முகாம் போட்டார் வீலர். ஆற்றோரம் தென்னையும் மாவும் நிறைந்த தோப்பு. பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய இல்லத்தின் இடிந்த சுவர்கள்.

இங்கே மண்ணடுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெய்வேலி வாசகர்களுக்கு இது எளிது. மைன்ஸ் வியூ பாயின்ட்டில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே செம்மண், அதற்குக் கீழே மணற்பாறை, களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு நிலக்கரி. கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஒரு பெஞ்சின் மண் இன்னொரு பெஞ்சோடு கலந்தால் கணக்கு குழம்பிவிடும். அரிக்கமேட்டில் வீலர் செய்ததும் இதே வேலைதான். பக்கெட் வீல் செய்வதை அவருடைய ஆட்கள் கரண்டியாலும் தூரிகையாலும் செய்தார்கள். அங்குல அங்குலமாக, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டின் மீதும் அந்த எண்ணை எழுதி.

ழூவோ துப்ரேயும் சுர்லோவும் பொருளைத் தேடினார்கள். வீலர் பொருள் கிடந்த இடத்தைத் தேடினார். சாடி எந்த அடுக்கில், அதனோடு எந்த உள்ளூர்ப் பானை, அதற்குக் கீழே எது, மேலே எது. அந்த வேறுபாடுதான் இந்த மேட்டை உலக வரலாற்றுக்குள் கொண்டுவந்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். அரிக்கமேட்டிலும் அடி அடுக்குகள் இன்றைய கடல்மட்டத்துக்குக் கீழே போயின. குழியில் தண்ணீர் ஊறியது. இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். அதே ஆண்டுகளில்தான், தென்மேற்கே ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டியபோது கிளம்பிய கறுப்பு மண்ணைத் தொடர்ந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை நெய்வேலியில் துளை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே மாவட்டத்துச் சுற்றுவட்டாரத்தில், ஒரே நேரத்தில், இரண்டு குழிகள். ஒன்றிலிருந்து மின்சாரம் வந்தது. மற்றொன்றிலிருந்து நம் காலவரிசை வந்தது. முதலாவதை நாம் நன்றாக அறிவோம். நம் டவுன்ஷிப் பள்ளிகளில் இரண்டாவதையும் அதே அளவு சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

குழிகளிலிருந்து வந்தவை ஒவ்வொன்றாக மேசைக்கு ஏறின. வடபகுதியில் 150 அடிக்கு மேல் நீளமான ஒரு செங்கல் கட்டடம். கிடங்கு என்றார் வீலர். தென்பகுதியில் செங்கல் தொட்டிகள்; துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்கலாம் என்றார். மணி செய்யும் பட்டறைக் கழிவுகள். தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள். அரிட்டைன் தட்டுகள், அவற்றில் முத்திரைகள்: விபி, கமுரி, இத்தா. இத்தாலியக் குயவர் பட்டறைகளின் பெயர்கள்.

கூடவே சாடிகள். உடைந்த கழுத்து, உடைந்த தோள், உடைந்த அடி.

*

அந்தச் சாடிகளில் என்ன வந்தது?

உடைசலின் உட்புறத்தைப் பாருங்கள். கரும்பழுப்பில் ஏதோ பூசியதுபோல் இருக்கும். பைன் மரப் பிசின். சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் உண்டு. மது மெல்லக் கசிந்துவிடும். கசியாமலிருக்கப் பிசினைக் காய்ச்சி உள்ளே ஊற்றிச் சுழற்றுவார்கள். ஒலிவ எண்ணெய் பிசினைக் கரைத்துவிடும் என்பதால் எண்ணெய்ச் சாடிக்கு வழக்கமாக இந்தப் பூச்சு கிடையாது. ஆகவே பிசின் பூசிய சாடி என்றால் பெரும்பாலும் அது மதுச்சாடி.

எந்த ஊர் மது? இதற்கு விடை வர இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆனாலும் கதை இங்கேயே கேட்கிறது, சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த எலிசபெத் லைடிங் வில், வாழ்நாள் முழுவதும் ஆம்போராக்களையே ஆராய்ந்தவர். கைப்பிடியின் வளைவைப் பார்த்தே ஊர் சொல்வார். அரிக்கமேட்டு உடைசல்களை அவர் வகைபிரித்தபோது பெரும்பங்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. இரண்டு களிமண் உருளைகளை ஒட்டவைத்துச் செய்த கைப்பிடி. இரட்டை விரல்கள் சேர்ந்து நிற்பதைப்போல நடுவில் ஒரு பள்ளம் ஓடும். கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடியின் அடையாளம் அது. அதைப் பார்த்து இத்தாலியிலும் அதே வடிவில் செய்தார்கள்.

கோஸ் மதுவுக்கு ஒரு தனித்தன்மை: அதில் கடல்நீர் கலந்திருக்கும்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் கேட்டோ, உழவு பற்றிய தம் நூலில் இதன் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். திராட்சை அறுப்புக்கு எழுபது நாள் முன்பு, காற்றில்லாத நாளில், ஆற்றுநீர் வந்து கலக்காத நடுக்கடலுக்குப் போய் நீர் மொண்டு வர வேண்டும். தொட்டியில் ஊற்றித் தெளியவிட வேண்டும். வண்டலை விட்டுவிட்டு வேறு தொட்டிக்கு மாற்றி, மறுபடி தெளியவிட்டு, அதற்குப் பிறகே திராட்சையோடு சேர்க்க வேண்டும். உப்பு மதுவைக் கெடாமல் வைத்தது. நெடும் பயணத்துக்கு அது ஏற்ற சரக்கு.

பயணமும் நெடியதுதான். கோஸ் தீவிலோ இத்தாலியிலோ ஏற்றிய சாடி முதலில் அலெக்சாந்திரியா வரும். நைல் நதியில் படகு. அங்கிருந்து பாலைவனத்தில் ஒட்டக முதுகு. செங்கடல் ஓரத்தில் பெரெனிகே அல்லது மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம். ஜூலை வாக்கில் தென்மேற்குப் பருவக்காற்றோடு புறப்பாடு. முசிறியில் மது இறங்கியதாக 'எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு' என்ற முதல் நூற்றாண்டு நூல் சொல்கிறது. கிழக்குக் கரையில் அது குறிப்பிடும் 'பொதுகே' என்ற துறைதான் அரிக்கமேடு என்பது பலருடைய கருத்து.

போக்குவரத்து ஒருவழியாக இருக்கவில்லை. அந்தச் செங்கடல் துறைகளில், எகிப்து மண்ணில், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாதன் என்ற பெயர்கள் குசைர் அல் காதிமில் வந்தன. பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு, நம் ஊர்ச் சாடியிலேயே, கோயில் தரைக்குள் இருந்தது.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இந்தச் சாடிகள் அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. கடலூரை ஒட்டிய காரைக்காட்டில் 1960களில் நடந்த அகழாய்வில் இதே சாடி உடைசல்களும் இதே காலத்து உள்ளூர்ப் பாண்டங்களும் வந்தன. நாம் சிப்காட் என்று கடந்துபோகும் பக்கம் அது.

*

குடித்தது யார்?

வீலருக்கு இதில் ஐயமே இல்லை. தம் அறிக்கைக்கு அவர் வைத்த பெயரே 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று போகிறது. 1946இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வந்தது. இங்கே யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், தங்கினார்கள், தங்கள் ஊர்த் தட்டில் சாப்பிட்டார்கள், தங்கள் ஊர் மதுவைக் குடித்தார்கள் என்ற சித்திரம் அதிலிருந்து எழுகிறது.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. அரிக்கமேட்டுச் சாடிகளில் குறைந்த பங்கு எண்ணெய்ச் சாடிகளும் ஊறவைத்த மீன் சாறு வந்த சாடிகளும். நல்லெண்ணெய் ஊரில் ஒலிவ எண்ணெய் கேட்டு வாங்கியவர் யார்? கருவாட்டுக் கரையில் ஸ்பெயின் நாட்டு மீன் சாற்றுக்கு ஏங்கியவர் யார்? அவற்றை நாக்கு பழகிய யவனர் சிலராவது இங்கே தங்கியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் மது வேறு கணக்கு. புறநானூற்றின் 56ஆம் பாடல். பாடியவர் நக்கீரர். பாடப்பட்டவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியன். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, பொற்கிண்ணத்தில் மகளிர் நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்து வாழ்க என்று மன்னனை வாழ்த்துகிறார் புலவர்.

பாண்டியன் அரண்மனையில் அது விருந்துப் பொருள். கள்ளும் நெல்லில் வடித்த மதுவும் ஊரெங்கும் கிடைத்த நாட்டில், தூரத்து மதுவுக்குத் தனி மதிப்பு இருந்திருக்கிறது. அதை வேண்டும் என்று கேட்ட தமிழ் மன்னரும் கொடுக்க வசதி படைத்த தமிழ் வணிகரும் இருந்ததால்தான் கப்பல்கள் அதை ஏற்றின. விற்றவனைப் பற்றி மட்டும் எழுதி வாங்கியவனை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியது 1894இல். அரைநூற்றாண்டுக் காலம் இந்தப் பாட்டு எல்லார் கையிலும் இருந்தது. கற்பனை என்றவர்கள் இருந்தார்கள். காலம் மிகப் பிந்தியது என்றவர்கள் இருந்தார்கள். 1944 ஜூலையில் எழும்பூர் அலமாரியிலிருந்து அந்தக் கழுத்து வெளியே வந்ததும் வாதத்தின் தன்மையே மாறியது. யவனர் தந்த நன்கலம் என்னவென்று இனி ஊகிக்க வேண்டியதில்லை. கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இன்றும் பார்க்கலாம். புதுச்சேரியில் பாரதி பூங்காவுக்கு எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. மதுவுக்கென்று தனி அருங்காட்சியகம் வைத்திருக்கும் நாடுகள் பல. நம் கரையில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் வந்த மதுவின் கதையைச் சொல்லும் கூடம் இது. கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரு அரைமணி நேரம் இங்கே ஒதுக்க வேண்டும். சாடியின் கைப்பிடியில் அந்த நடுப்பள்ளம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

*

அரிக்கமேட்டிலிருந்து வீலர் கையோடு கொண்டுபோனது ஒரு தேதி.

அரிட்டைன் தட்டு கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம். அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானையும் அதே காலம். வளையம் வளையமாகக் கோடிட்ட ஒரு சாம்பல்நிறத் தட்டு உண்டு, ரௌலெட்டட் என்பார்கள். அது எந்த ஊரில் கிடைத்தாலும் இனி ஏறத்தாழக் காலம் சொல்லலாம். இந்தப் பிடிமானத்தை எடுத்துக்கொண்டு அவர் 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரிக்குப் போனார். அங்கிருந்து கல்வட்டங்களுக்கும் தாழிகளுக்கும் தேதி குறிக்கத் தொடங்கினார். தென்னிந்தியாவின் பழங்காலத்துக்கு முதல் கால அளவுகோல் இந்த ஆற்றங்கரையில்தான் கிடைத்தது.

ஆனால் அந்த அளவுகோலுக்குள் ஒரு விரிசல் இருந்தது.

ரௌலெட்டட் தட்டும் கடல் கடந்து வந்தது என்று வீலர் நம்பினார். அரிக்கமேட்டின் வாழ்வே யவனர் வருகையோடு, கிறித்து பிறப்பையொட்டித் தொடங்குகிறது என்று வரையறுத்தார். யவனர் வந்தார்கள், துறை பிறந்தது. யவனர் போனார்கள், துறை அடங்கியது. கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது.

வீலர் மூட்டை கட்டிய இரண்டு ஆண்டுகளில், 1947இல், இன்னொருவர் அதே மேட்டுக்கு வந்தார். ழான் மரி கசால். பிரெஞ்சுக்காரர். 1950வரை தோண்டினார். அவர் குழி வேறோர் ஆழத்துக்குப் போனது. அரிட்டைன் தட்டு நின்றது. கசால் நிற்கவில்லை. அதற்கும் கீழே மனிதர் வாழ்ந்த அடுக்கு ஒன்று எழுந்து வந்தது. அதில் கறுப்பு சிவப்புப் பானைகள் இருந்தன. தாழிகளிலும் கல்வட்டங்களிலும் நாம் பார்க்கும் அதே பானைகள். இத்தாலியின் சுவடு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால், முதல் மதுச்சாடி இந்தக் கரையில் இறங்கியபோது அதை இறக்கிவைக்கக் காத்திருந்தவர்கள் யார்? யவனர் வந்து உண்டாக்கிய துறையா இது, ஏற்கெனவே கடலோடிகளும் வணிகரும் நடமாடிய ஒரு தமிழ்த் துறையைத் தேடித்தான் யவனர் வந்தார்களா?

(அடுத்த வாரம்: கசாலின் குழி)